கியர் மாற்றும் கல்வி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. லாரியின் கியரைப் பற்றிப் பேச வந்தோம் என்றால் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆனால் லாரித் தொழிலை நம்பி வாழும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. கிளீனராகச் சென்ற மகன் ஓட்டுநர் இருக்கையில் அமரும் நாளை எண்ணி மகிழ்கின்றாள் தாய். அவன் எந்தக் கணவாயில் இறங்கிக்கொண்டிருக்கின்றானோ என்று நள்ளிரவில் விழித்திருப்பவளும் அவளே. ஆதலின் இப்பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

நாம் வாழும் சித்தூர், திருப்பதிச் சீமை மலைகள் சூழ்ந்தது. சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் லாரி மொகிலிக் கணவாயில் ஏறியே பலமனேரை அடைய வேண்டும். சித்தூர் கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டரைச் சற்றே தாண்டியது; பலமனேரோ ஏறத்தாழ அதன் இரு மடங்கு உயரம். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி செல்வோருக்குப் பாகராப்பேட்டைக் கணவாய் குறுக்கே நிற்கின்றது. சமவெளியில் மட்டும் வண்டி பழகியவன் இங்கே அரைகுறை ஓட்டுநனே ஆவான்.

கியர் என்பதுதான் என்ன? எஞ்சினுக்குச் சக்தி உண்டு; ஆனால் அது குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போதுதான் அச்சக்தி முழுமையாய் வெளிப்படும். சிறு பற்சக்கரம் பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், விசை பெருகும். முதல் கியர் வலிமைக்கு; மேல் கியர் விரைவுக்கு. கவலை இறைக்கும் மாடு மெல்ல நடந்தே பெருஞ்சுமையை இழுக்கின்றதன்றோ? கிளட்ச், எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பைக் கணப்பொழுது துண்டித்து மீண்டும் இணைக்கும் கருவி.

பழைய லாரிகளில் டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொணர்ந்து, காலை எடுத்து, மறுபடியும் மிதித்து அடுத்த கியரைப் போடுவது அம்முறை. மேல் கியருக்குப் போகையில் எஞ்சினின் சுழற்சி தணியும் வரை சற்றுப் பொறுக்க வேண்டும். கீழ்க் கியருக்கு வருகையிலோ, நியூட்ரலில் இருக்கும்போது ஆக்சிலேட்டரைச் சிறிது மிதித்துச் சுழற்சியை உயர்த்த வேண்டும். இரு பற்சக்கரங்களும் ஒத்த வேகத்தில் சுழன்றால் கியர் வெண்ணெய்போல் விழும். ஒவ்வாவிடில் பல் கடித்து ஓலமிடும். இவ்வேகங்களைத் தானே ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பு 1928இல் அமெரிக்கக் கார்களில் வந்தது. லாரிகளுக்கு அது மெல்லத்தான் வந்து சேர்ந்தது.

அமைப்பு எதுவாயினும் செவியே குரு. எஞ்சின் முனகுகின்றதா, அலறுகின்றதா என்று கேட்டறிந்து கை தானே கம்பியை நாட வேண்டும். கண் கியர்க் கம்பியைப் பார்க்கலாகாது. அது சாலைக்கு உரியது. நம் பிள்ளைகள் பலர் தெலுங்கு பேசும் ஓட்டுநர்களிடமே இவ்வித்தையைக் கற்றனர். வசவு இரு மொழியிலும் விழும். எஞ்சினின் மொழி ஒன்றே.

ஏற்றத்தில் பாதி வழியில் கியர் மாற்ற எண்ணுவது ஆபத்து. ஏற்றம் தொடங்குமுன்பே, வளைவு வருமுன்பே, கீழ்க் கியருக்கு வந்துவிட வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி நடு ஏற்றத்தில் நியூட்ரலில் சிக்கினால் பின்னோக்கி உருளத் தொடங்கும். கிளீனர் குதித்தோடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அக்கட்டை வழுக்கினால் அவன் கதி என்ன?

ஆயினும் ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழுத்த ஓட்டுநர்களின் விதி. கீழ்க் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் மிச்சமாகும் என்றெண்ணி நியூட்ரலில் விட்டு இறங்குவோர் உளர். அப்பொழுது முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகின்றது. டிரம் காய்ந்து, லைனிங் பிடிப்பை இழந்து, மிதி மிதியாக மிதித்தும் வண்டி நில்லாது. காற்றுப் பிரேக்கில், ஓயாது மிதித்தால் காற்றழுத்தமும் குறையும். எஞ்சினையே அணைத்துவிட்டாலோ காற்றைச் சேமிக்கும் கம்ப்ரஸரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும். இவ்வளவுக்கும் அந்த மிச்சம் பொய்க்கணக்கு! கியரில் இறங்கும் வண்டியில், ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் எண்ணெய் பாய்வது நிற்கின்றது. நியூட்ரலில் ஓடும் எஞ்சினுக்கோ அணையாதிருக்கவாவது எண்ணெய் வேண்டும்.

திருமலைப் பாதையைப் பாருங்கள். முதல் மலைச்சாலை 1944இல் திறக்கப்பட்டது. இரண்டாவது 1974இல் வந்தது. இப்பொழுது பழைய சாலை இறங்கவும் புதிய சாலை ஏறவும் பயன்படுகின்றன. வாகனங்கள் விரைந்தோடாதிருக்க, ஏற 28 நிமிடமும் இறங்க 40 நிமிடமும் ஆக வேண்டும் எனக் குறைந்த கால அளவு விதிக்கப்பட்டதை நம்மில் பலர் அறிவோம். இறங்குவதற்கே கூடுதல் நேரம் கொடுத்தனர் என்பதைக் கவனியுங்கள். 2022 முதல் அம்மலையில் மின்பேருந்துகளும் ஓடுகின்றன; அவற்றில் கியர்க் கம்பியும் இல்லை, கிளட்சும் இல்லை. ஆனால் மாங்காய்ப் பாரத்துடன் கூழ் ஆலைக்கு வரும் லாரியை இன்றும் பெரும்பாலும் மனிதக் கையும் காலுமே நடத்துகின்றன.

மாம்பழப் பருவத்தில் சரக்கு குவிந்து கிடக்கும்; ஓட்டுநர் கிடைப்பது அரிது. அப்பொழுது கிளீனரையே சக்கரத்தின் முன் அமர்த்தும் ஆசை முதலாளிக்கும் எழலாம், பையனுக்கும் எழலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயது நிரம்பாதவன் சரக்கு வாகனம் ஓட்டலாகாது. இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்த பின்னரே அதற்குரிய பழகுநர் உரிமம் கிட்டும். பாகராப்பேட்டைக் கணவாயில் 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குச் சென்ற பேருந்து பள்ளத்தில் வீழ்ந்தது. மொகிலியில் 2024 செப்டம்பரில் பேருந்தும் லாரியும் மோதி உயிர்கள் மாண்டன. அவற்றின் காரணங்களை ஆராய நாம் இங்கு முற்படவில்லை. அவ்வழியே நாளும் செல்வோர் நம் பிள்ளைகள் என்பதற்காகவே சொன்னோம்.

பெற்றோர்களே, மகனிடம், "லைசென்ஸ் வாங்கிவிட்டாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். வெறும் வண்டியைச் சமவெளியில் எத்தனை நாள் ஓட்டினாய், அரைப் பாரத்துடன் எத்தனை நாள், பலமனேர் இறக்கத்தில் மூத்த ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்திருக்க எத்தனை முறை இறங்கினாய் என்றும் கேளுங்கள்.