கைகர் கவுண்டர் வாங்கிய அன்றே அளந்து வையுங்கள்

"கூடங்குளம் பக்கம் இருக்கோம், கைகர் கவுண்டர் வாங்கலாமா?" நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார். தாராளமா வாங்கலாம். ஆனா வாங்கின அன்னைக்கே வீட்டுக்குள்ள, வாசல்ல, மொட்டை மாடியில அளந்து நோட்டுல எழுதி வையுங்க. மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல மோனசைட் இருக்கு, அதுல தோரியம். விபத்தே நடக்காம அங்க எண் கூடுதலாத்தான் காட்டும். வழக்கமான அளவு தெரியலேன்னா, எந்த எண்ணைப் பார்த்தாலும் பயம்தான் வரும்.

2011 புகுஷிமா விபத்துக்குப் பிறகு, சேஃப்காஸ்ட் தன்னார்வலர்கள் கார்ல கருவியை மாட்டித் தெருத்தெருவா அளந்தாங்க.

அயோடின் மாத்திரையா? அது கதிரியக்க அயோடினிடமிருந்து தைராய்டை மட்டும்தான் காக்கும், சீசியத்துக்கு உதவாது. அரசு சொல்லாம விழுங்கிடாதீங்க. கதவு, ஜன்னலைச் சாத்திட்டு உள்ளேயே இருங்க. வெளியிலிருந்து வந்தவங்க உடுப்பை மாத்தி, பழசைப் பையில கட்டி ஒதுக்குப்புறமா வைக்கட்டும்.