அடிமை கொள்ளும் எறும்பு



மார்கழி மழை பிடித்துவிட்டால், குச்சவெளியிலே எறும்புகள் வெண்மையான சிறு பொதிகளைக் கவ்விக்கொண்டு மேட்டை நாடிச் செல்வதைக் காணலாம். கமக்காரரும் கடற்றொழிலாளரும் அதைப் பார்த்து, மழை இன்னும் விடாது என்பர். அப்பொதிகளை எறும்பு முட்டை என்று சொல்லுதல் வழக்கம். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை முட்டைகளல்ல. எறும்பின் முட்டை மிக நுண்ணியது. நாம் காண்பன அம்முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்த குடம்பிகளும், அவற்றிற்கு அடுத்த நிலையிலுள்ள கூட்டுப்புழுக்களுமே. இவ்வேறுபாட்டை நான் முதலிற் கூறுவதற்குக் காரணமுண்டு. இன்று நான் சொல்லவந்த கதை முழுவதும் கூட்டுப்புழுவைச் சுற்றியே நிகழ்வது.

சென்ற மார்கழியில் ஒரு நாட்காலை, ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் நனைந்த தலையோடு எனது அறைக்குள் வந்தான். "சேர், எங்கடை பள்ளிக்கூடக் கிணத்தடியிலை அடிமை பிடிக்கிற எறும்பு இருக்குது" என்றான். கையில் ஒரு கடிதமும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதப்பட்ட அக்கடிதத்தில், இலங்கையில் இதுவரை ஒருவரும் கண்டிராத அரிய எறும்பினத்தைத் தான் கண்டுபிடித்திருப்பதாகக் குறித்திருந்தான். அதன் அடியில் அதிபர் கையொப்பமிட வேண்டுமென்பது அவன் விருப்பம். நானோ கலைப் பட்டதாரி. எறும்பைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் சீனிப் போத்தலோடு முடிந்துவிடும். ஆயினும், பாடசாலையின் பெயரால் ஒரு பொய் வெளியே போகலாகாது. ஒரு மெய் கவனிப்பாரின்றிக் கிடத்தலும் ஆகாது. இரண்டு நாள் தவணை கேட்டேன்.

அடிமை கொள்ளும் எறும்பு என்பது கட்டுக்கதையன்று. 1804ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆம் நாள் மாலை, செனீவா நகருக்கு அண்மையில் உலாவிக்கொண்டிருந்த பியேர் இயூபர் என்னும் அறிஞர், செந்நிறமான பெரிய எறும்புகள் படையாகத் திரண்டு பாதையைக் கடப்பதைக் கண்டார். அவை கரிய எறும்புகளின் புற்றொன்றைத் தாக்கி, அங்கிருந்த குடம்பிகளையும் கூட்டுப்புழுக்களையும் கவ்விக்கொண்டு மீண்டன. அவ்வாறு கவரப்பட்டவை அந்நியப் புற்றிலே எறும்பாகப் பிறந்து, அதனையே தம் வீடெனக் கொண்டு, உணவு தேடியும் குஞ்சு பேணியும் புற்றுத் தோண்டியும் உழைக்கின்றன. எசமான் எறும்பின் தாடையோ அரிவாள் போன்றது. போருக்கு ஏற்றது, வேறெதற்கும் உதவாதது. இயூபர் அவற்றுள் முப்பதினை, அடிமை ஒன்றேனும் இன்றி, தேனுடனும் குடம்பிகளுடனும் அடைத்துவைத்துப் பார்த்தார். உணவு முன்னே இருக்க, இரண்டு நாளுக்குள் பாதிக்கு மேற்பட்டவை பசியால் மாண்டன. பிறகு கரிய எறும்பு ஒன்றை உள்ளே விட்டார். அவ்வொன்றே எஞ்சியவற்றிற்கு உணவூட்டி உயிர் காத்தது. அந்த ஓர் எறும்பை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சாள்சு தாவினும் இச்செய்தியை முதலில் ஐயுற்று, இங்கிலாந்தின் தென்பகுதியிலே தாமே புற்றுகளைத் திறந்து பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார். உணவுக்கெனக் கவர்ந்து சேமித்த கூட்டுப்புழுக்களுட் சில தின்னப்படாது பிறந்து உழைத்திருக்கலாம், அப்பயனாலே அவ்வழக்கம் வேரூன்றியிருக்கலாம் என்று 1859இல் வெளிவந்த தமது நூலில் ஊகித்தார்.

இவ்வகை எறும்புகளை இனங்காணுதல் எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காடுகளில் வாழும் 2.5 மில்லிமீற்றர் அளவான ஓர் எறும்பு, ஒகையோவில் முன்னரே அறியப்பட்டிருந்த வேறோர் அடிமைகொள்ளி எறும்பை மிக ஒத்திருந்தது. உடலுறுப்புகளை நுட்பமாக அளந்து ஒப்பிட்ட பிறகே 2014ஆம் ஆண்டில் அது தனியினமென விவரிக்கப்பட்டது. கொள்ளையிடுவது என்னும் பொருள்படத் 'தெம்னோதொராக்சு பிலாசென்சு' எனப் பெயரிட்டனர். அது பெரும்படை திரட்டுவதில்லை. உள்ளீடற்ற கொட்டைகளிலும் கருவாலி விதைகளிலும் வாழும் சிற்றெறும்புகளிடம் நாலைந்து பேராகவே ஓசையின்றிப் புகுகின்றது. எதிர்ப்பு நேரின், தலைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட மெல்லிய இடத்தைக் குறிபார்த்துக் கொட்டிவிடும்.

இவற்றைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. இத்தகைய எறும்புகள் ஏறக்குறைய யாவும் வடபுலத்துக் குளிர்நாடுகளைச் சேர்ந்தவை. அவ்வாறாயின் எங்கள் கிணற்றடியில் நிகழ்ந்தது யாது?

இருவருமாகக் குடை பிடித்துக்கொண்டு போய் இருந்தோம். கிணற்றருகே வளைக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. அங்கிருந்தவை நாம் கட்டெறும்பு என்னும் கரிய எறும்புகளுள் ஒரு வகை. ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம். பூதக்கண்ணாடியால் நோக்கினால், உடலெங்கும் கைரேகை போன்ற வரிகளும், இடுப்புக் கணுவின்மேல் இரண்டு முட்களும் தெரிந்தன. இவை 'தயகம்மா' என்னும் சாதிக்குரிய அடையாளங்கள். இச்சாதியில் அரசியென்று தனியுருவம் இல்லை. பிறக்கும்போது ஒவ்வொன்றின் மார்பிலும் இரு சிறு மொட்டுகள் இருக்கும். பெரும்பாலும் ஒருத்தி மட்டும் தன் மொட்டுகளைக் காத்துக்கொண்டு, பிறவற்றின் மொட்டுகளைக் கடித்து நீக்கிவிடுவாள். மொட்டுடையவளே முட்டையிடும் உரிமையுடையவள். இடம்பெயரும்போதும் இவை நிரையாகச் செல்வதில்லை. வழியறிந்த ஒன்று முன்னே நடக்க, மற்றொன்று தன் உணர்கொம்புகளால் அதனைத் தொட்டுத்தொட்டுப் பின்தொடரும். கைபிடித்துக் குருடரை அழைத்துச் செல்வது போலவே இருக்கும்.

முருங்கையடிக்குச் சென்றவை அவ்வாறே இணையிணையாகச் சென்றன. ஆனால் வேலிப்பக்கமாகச் சென்ற சில, தனித்தனியே, யாரையும் அழைத்துச் செல்லாமல், கூட்டுப்புழுக்களை மட்டும் கவ்விக்கொண்டு விரைந்தன. மாணாக்கன் கண்டது இதனைத்தான். அவன் கண்ணிற் பிழையில்லை. இரு சாராரையும் பிடித்துக் கண்ணாடியின் கீழ் வைத்தபோது, வரியும் முள்ளும் ஒன்றாகவே இருந்தன. ஆண்டானும் அடிமையும் வெவ்வேறினம் என்ற கருத்து அங்கே நின்றுவிட்டது.

கல்கத்தாவுக்கு வடக்கே மோகன்பூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரியும் அவருடன் பணிபுரிவோரும் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒளி தருகின்றது. இந்தியத் தயகம்மா ஒரு புற்றிலிருந்து இன்னொன்றிற்குக் குடிபெயரும் வேளையில், அயற்புற்றைச் சேர்ந்த அதே இனத்து எறும்புகள் சில வந்து திருடுகின்றன. அவை பெரிதும் விரும்பிக் கவர்வது கூட்டுப்புழுக்களையே. திருடச் செல்வோர் சிலரே எனினும், இழந்த புற்றின் இளஞ்செல்வத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போய்விடுகின்றது. கவரப்பட்டவை தின்னப்படவில்லை, திருடியவர் வீட்டிலே பிறந்து உழைத்தன. தாவின் தேடிய தொடக்கத்தின் சாயல் இங்கே தெரிகின்றதோ என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த ஆராய்ச்சியாளரே அவற்றை அடிமைகள் என்றுதான் குறிக்கின்றனர். மனிதர் மனிதருக்கிழைத்த கொடுமையின் பெயரை எறும்பின்மீது ஏற்றலாகாது என்று 2007இல் அமெரிக்க அறிஞர் யோன் ஏர்பேசு வாதிட்டதும் உண்டு. 1844ஆம் ஆண்டு வரை அடிமைமுறை சட்டத்தில் நிலைத்திருந்த நாடு எங்களது. ஆகவே அவர் கட்சியே எனக்கும் உவப்பானது.

மாணாக்கனிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, 'புதிய', 'அரிய' என்னும் சொற்களையும், 'அடிமை' என்பதனையும் நீக்கச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப எங்கடை எறும்பு வெறும் கள்ளன்தானோ, சேர்?" என்றான். கள்ளனென்றும் துணிந்து கூறவியலாது, தம்பி. வேலிப்பக்கத்து வளை வேறொரு குடும்பத்தினதா, பிரிந்துபோன அதே குடும்பத்தினதா என்பதை நாம் அறியோமே என்றேன். அவனுக்கு ஆறுதலாக ஒரு வரலாறும் சொன்னேன். பிரெஞ்சு அறிஞர் சிமோன் இலங்கையிற் பொறுக்கிய மஞ்சணிறச் சிற்றெறும்பை, 1893இல் எமரி 'அனுரேற்றசு சிமோனி' என விவரித்தார். 1955இல் எட்வேட் வில்சன் கண்டியில் அதைத் தேடிக் காணாது, இரத்தினபுரிக் காட்டுப் பகுதியிலே கண்டார். தன் உபகுடும்பத்திலே உயிரோடு எஞ்சிய ஒரே இனம் அது. உறவினரெல்லாம் புதைந்த சுவடுகளே. ஒருவர் பொறுக்கியதைப் போத்தலில் இட்டு, இடம் குறித்து வைத்ததனாலன்றோ அறுபது ஆண்டுக்குப்பின் மற்றொருவர் தேடி வந்தார்!

அன்று மாலை, வேலிப்பக்கத்து எறும்பு இரண்டையும் முருங்கையடி எறும்பு இரண்டையும் வெவ்வேறு மதுசாரக் குப்பிகளில் இட்டோம். பெயர்ச்சீட்டை அவனே பென்சிலால் எழுதினான்: குச்சவெளி, பாடசாலைக் கிணற்றடி, மழைக்குப் பின், காலை எட்டு மணி. அதன்கீழ்த் தன் பெயரையும் எழுதினான். சாதி என்னுமிடத்திலே தயகம்மா என்று குறித்தபின், இனம் என்னுமிடத்துக்கு வந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். அவ்விடத்தை வெறுமையாக விட்டு, குப்பிகளைக் கடிதத்தோடு வைத்துப் பொதி கட்டினோம்.