மின்சாரம் கேட்காத நாடா



ஒரு ஹார்ட் டிஸ்க் சுழல ஏறக்குறைய 8 வாட் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டு எல்இடி பல்பே அவ்வளவு இழுக்குமே என்பீர்கள். பல்பைப் படுக்கப் போகும்போது அணைத்துவிடுகிறோம். சர்வர் அறை டிஸ்க்கை யாரும் அணைப்பதில்லை. வருடம் முழுக்க ஓடினால் 70 யூனிட். 24 டிஸ்க் உள்ள பெட்டிக்கு 1,680 யூனிட். அந்தச் சூட்டைத் தணிக்கிற ஏசி தனிக் கணக்கு.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஒருவர், சர்வரில் இடமில்லை, இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டார். முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போமே என்றேன். பெரும்பகுதி யாரும் திறக்காத கோப்புகள்: போன சீசன்களின் டிசைன், சாம்பிள் போட்டோ, அதிலும் ஒரே போட்டோ நாலு பேர் ஃபோல்டரில் நாலு பிரதி.

"அப்ப அழிச்சுப் போடலாங்களா?" என்றார்.

கூடுதல் பிரதிகளை அழிக்கலாம். டிசைனை அழித்தால், அதே டிசைனைக் கேட்டு பையர் திரும்பி வருவார். ஜிஎஸ்டி ஆவணங்களையோ, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருந்தே ஆகவேண்டும்.

இங்கேதான் நான் நாடாவுக்கு வருகிறேன். ஆமாம், மேக்னடிக் டேப். அது டேப் ரிக்கார்டரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1952-இல் ஐபிஎம் கணினிக்கென நாடாக் கருவி கொண்டுவந்தபோது ஒரு சுருளில் சுமார் 2 மெகாபைட்தான் அடங்கியது. இன்று உங்கள் கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். 2021-இல் வந்த எல்டிஓ-9 என்ற நாடாக் கார்ட்ரிட்ஜை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே அரை அங்குல அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் சற்று நீளமான நாடா, அதில் 18 டெராபைட்! எழுதி பீரோவில் வைத்தபின் அது ஒரு யூனிட்கூடக் கேட்காது. வெயிலும் ஈரமும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

தேடுவதற்கு நேரமாகும், உண்மை. வேண்டிய இடத்துக்கு நாடா ஓடிவர ஒரு நிமிடம்கூடப் பிடிக்கும். வந்துவிட்டால் நொடிக்கு 400 மெகாபைட் வரை படிக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த வேகம் கிடையாது.

இன்னொன்று சொன்னால்தான் எனக்குத் திருப்தி. 2011 பிப்ரவரியில் ஜிமெயில் பயன்படுத்துகிற சிலர் திறந்து பார்த்தால் பெட்டி காலி. பல தரவு மையங்களில் பிரதி வைத்திருந்தது கூகுள். ஆனால் மென்பொருளில் புகுந்த ஒரு பிழை அந்தப் பிரதிகளையும் விடவில்லை. கடைசியில் அஞ்சல்களை மீட்டது நாடாவிலிருந்து! பணம் கேட்டு மிரட்டுகிற ரான்சம்வேர் வந்தாலும் நாடாதான் கைகொடுக்கும். பீரோவில் கிடக்கிற கார்ட்ரிட்ஜை அது எங்கே போய்த் தொடும்?

குறையும் உண்டு. கருவியின் விலை சில லட்சம். எல்டிஓ-9 கருவி அதற்கு முந்தைய தலைமுறையைப் படிக்கும், அதற்கும் பழையதைப் படிக்காது. அதனால் கருவியை மாற்றும்போது பழைய கார்ட்ரிட்ஜ்களையும் நினைத்துப் பார்க்கவேண்டும். திருப்பூர்க்காரர் இன்னொரு சர்வருக்கு வைத்திருந்த பணத்தில் நாடாக் கருவி வாங்கினார். கையில் அவ்வளவு இல்லாதவர்கள் கிளவுட் நிறுவனங்களின் ஆவணக் காப்புச் சேவையைப் பார்க்கலாம். மாத வாடகை குறைவு. கோப்பு திரும்பிவர மணிக்கணக்கில் ஆகலாம், எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

வானொலி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கும் மென்பொருள்கள், எஸ்எஸ்டி எல்லாம் இன்னொரு நாளைக்கு. நாளை அலுவலகம் போனதும் கோப்புகளைக் கடைசியாகத் திறந்த தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். நாடாவில் எழுதினால், அன்றே ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துச் சோதியுங்கள். அடுத்த மின்கட்டணம் வந்ததும், எத்தனை யூனிட் குறைந்தது என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.