அறவழிப் போருக்கு ஒரு பயிற்சிக் களம்
(மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பகைவரையும் நேசிக்கச் சொல்லும் மலைப் பிரசங்கம் தனிமனித ஒழுக்கத்திற்கே உரியது என்று பலரும் கருதுவதுண்டு. அதனை மக்கள் திரளின் போர்முறையாகப் பயிற்றுவித்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் லாசன்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரான இம்மெதடிஸ்ட் இளைஞர், கொரியப் போரின்போது படைச்சேர்க்கையை மறுத்துச் சிறை சென்றவர். 1953-இல் நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரிக்குப் பணியாற்ற வந்து, காந்தியடிகளின் முறைகளைக் கற்றார். மான்ட்கோமரி நகரக் கறுப்பினத்தவர் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை, 1955-இல் அங்கேதான் நாளிதழில் படித்தார். தாயகம் திரும்பியபின், மார்ட்டின் லூதர் கிங்கின் வற்புறுத்தலால் தென்மாநிலங்களுக்குச் சென்று, நாஷ்வில் நகரத் தேவாலயமொன்றில் மாணவர்களுக்கு வகுப்புகள் நடத்தினார்.

அவை வெறும் சொற்பொழிவுகள் அல்ல. மாணவருள் சிலர் வசைபாடுவர், தள்ளுவர். மற்றவர் திருப்பித் தாக்காமல் அமர்ந்திருக்கப் பழகுவர். அடி விழுகையில் தலையைக் காப்பது எப்படி என்பதும் பாடமே. ஊர்வலங்களைப் பேசும் அளவிற்கு இவ்வகுப்புகளை நாம் பேசுவதில்லை. வெற்றியின் வேர் இங்கேதான் இருந்தது என்பது என் கருத்து.

1960 பிப்ரவரியில் அம்மாணவர்கள், வெள்ளையர் மட்டுமே அமர்ந்து உண்ணக்கூடிய கடைகளுக்குச் சென்று அமர்ந்தனர். அடித்தவர்களை விடுத்து, அடியுண்டவர்களையே காவலர் கைது செய்தனர். லாசன் பயின்றுவந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. ஏப்ரல் 19 அன்று, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் இல்லத்தின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்திற்கு அமைதியாக நடந்தனர். இப்பாகுபாடு முறைதானா என்று மாணவி டயான் நாஷ் வினவ, முறையன்று என மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று அந்நகரின் ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்கும் உணவு பரிமாறின.