ஓசையைச் சோதிக்கும் ஓசை



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கங்காணி நாள்தோறும் அதே 48 செடிகளை மட்டும் பார்த்துவிட்டு, “மலை முழுதும் நலம்” என்றால் நம்புவோமா?

இலக்கமுறை ஒலிக்கருவியைச் சோதிப்பவரும் இவ்வாறு ஏமாறக்கூடும். அக்கருவி ஒலியை நொடிக்கு 48,000 அளவுகளாக, எண்களாகக் கையாளுகிறது. 16 பிட் கருவியில் அந்த எண்களுக்கு 65,536 படிகள் உண்டு. சோதனைக்கு 1,000 ஹெர்ட்ஸ் ஓசையைக் கொடுத்தால், அலையொன்றுக்குச் சரியாக 48 அளவுகளே விழும். அவையே திரும்பத் திரும்ப வரும். மற்றப் படிகளில் உள்ள பழுது மறைந்தே கிடக்கும்.

ஆகவேதான் வல்லுநர்கள் 997 ஹெர்ட்ஸைத் தேர்ந்தனர். 997 பகா எண். 48,000-ஐ மீதியின்றி வகுக்காது. ஒரு முழு நொடி கழிந்த பின்னரே அளவுகளின் வரிசை திரும்பத் தொடங்கும்.

இந்த ஓசையை நீங்களே கணிப்பொறியில் ஆக்கலாம். 997 அலைகளை 48,000 சமபுள்ளிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு புள்ளியின் சைன் மதிப்பையும் 29,000-ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, ஒலிக்கோப்பாகச் சேமியுங்கள். 16 பிட்டின் உச்சம் 32,767. அதைத் தொடாதிருக்கவே இந்த அளவு. கோப்பை இடைவிடாது சுழலவிட்டாலும் இணைப்பில் ‘டக்’கென்ற ஓசை எழாது.

ஒலியளவைக் குறைத்துவைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் குறை பாட்டுப் பதிவில் இல்லை, கருவியிலோ ஒலிபெருக்கியிலோதான். வேறு ஒலிபெருக்கியை மாட்டினால் எது என்பதும் விளங்கும். கோயில் திருவிழாவுக்கு முதல் நாள், வளைந்த மலைப்பாதையில் தாப்பாவுக்குக் கருவியைத் தூக்கிச் செல்லுமுன், இதை ஒருமுறை செய்து பாருங்கள்.