தீய தெய்வத்துக்கும் நேரம் காலம் உண்டு

(காளஹஸ்தியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கற்பனை உலகங்களைப் படைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இன்று கதை எழுத வரும் இளைஞர்கள் பலருக்குச் சொந்தமாக ஓர் உலகத்தையே கட்டிவிட ஆசை. நாடு, மலை, ஆறு, ராஜ பரம்பரை எல்லாம் வரைந்து முடித்ததும் ஒரு கெட்ட தெய்வம் தேவைப்படுகிறது. அது நினைத்த உருவம் எடுக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்தத் தெய்வம் கழுகாகிறது, கிழவியாகிறது, புகையாகிறது, கதாநாயகனின் தங்கையாகிறது. மூன்றாம் அத்தியாயத்துக்குள் வாசகனுக்குச் சலித்துவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம் என்றால் எதைக் கண்டு பயப்படுவது?

இதற்கு விடை தேடி வெளியூர் போக வேண்டாம். நாள்தோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் இந்த ஊரில் வந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் யாருக்குப் பயந்து வருகிறார்கள்? ஒரே ஒரு தடவை உருமாறி, அகப்பட்டு, தலை போன ராகுவுக்கு.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதுகிறவர் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள். பாற்கடலைக் கடைய தேவரும் அசுரரும் சேர்ந்துதான் உழைத்தார்கள். வாசுகியின் தலைப்பக்கம் பிடித்தவர்கள் அசுரர்கள். பாம்பின் மூச்சுச் சூடெல்லாம் அவர்கள் முகத்தில் அடித்தது. அமுதம் வந்ததும் திருமால் மோகினியாகி வந்து தேவர் வரிசைக்கு மட்டும் பரிமாறினார். சுவர்பானு என்ற அசுரன் தேவனாக வேடமிட்டு, சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பந்தியில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து இலைக்காரர்கள் இருவரும் காட்டிக்கொடுத்தார்கள். அமுதம் தொண்டையைத் தாண்டுமுன் சக்கரம் கழுத்தை அறுத்தது. சாகாத தலை ராகு, உடல் கேது. அன்றிலிருந்து தன்னைக் காட்டிக்கொடுத்த இருவரையும் துரத்திப் பிடித்து விழுங்குகிறான். விழுங்கியது கழுத்து வழியே வெளியே வந்துவிடுகிறது. வயிறுதான் கேதுவோடு போய்விட்டதே!

இந்தச் சின்னக் கதைக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள். அவனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: உழைத்தவன் பங்கு கேட்டான். பகை இன்னாரோடுதான் என்பது தெளிவு. பசி ஏன் தீரவில்லை என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் வரும் சுவர்பானு சூரியனை இருளால் தாக்குகிறான், அத்திரி முனிவர் மீட்கிறார். அங்கே பந்தியும் இல்லை, அமுதமும் இல்லை. நம் சங்கப் பாடல்களில் பாம்பு நிலவை விழுங்குகிறது, அவ்வளவுதான். மகாபாரதமும் புராணங்களும்தான் அவனுக்கு ஒரு மனக்குறையைக் கொடுத்தன. அந்தக் குறை வந்த பிறகுதான் அவன் மறக்க முடியாதவன் ஆனான் என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பந்தியில் வேடம் போட்டவர்கள் இரண்டு பேர். பரிமாறியவரும் வேடம், சாப்பிட உட்கார்ந்தவனும் வேடம். ஆகவே உருமாற்றம் என்பது தீமையின் அடையாளம் என்று எழுதத் தொடங்கினால் நம் மரபு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

பிறகு சோதிடர்கள் வந்து ராகுவுக்குக் காலக்கணக்கு எழுதினார்கள். அதுதான் உலகம் படைப்பவர்களுக்கு மிகப் பெரிய பாடம். நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். எப்போதும் எதிரெதிரே 180 பாகையில் நிற்பவை. மற்றக் கிரகங்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்பவை. ஒரு சுற்றுக்கு 18.6 ஆண்டு எடுப்பவை. ஒரு ராசியில் ஒன்றரை ஆண்டு என்று பெயர்ச்சிப் பலன் எழுதுகிறார்களே, அந்தக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான். ஆரியபட்டர் 499இலேயே கிரகணம் என்பது நிழல் என்று எழுதிவிட்டார். ராகு தோற்றுப் போயிருக்க வேண்டும். ஆனால் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே தன் பெயரில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்!

நாட்காட்டியைக் கிழிக்கும்போதும் அவன் இருக்கிறான். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் அவனுக்கு, அதுதான் ராகு காலம். திங்கள் 7.30 முதல் 9 வரை, செவ்வாய் 3 முதல் 4.30 வரை. பெண் பார்க்கக் கிளம்பியவர் செருப்பைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து 9 மணி அடிக்கக் காத்திருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜாதகத்தில் அவன் தசை 18 ஆண்டு, கேதுவுக்கு 7. இருபத்துநாலு மணி நேரமும் கெடுதல் செய்யும் தெய்வத்தோடு யாரும் குடித்தனம் நடத்த முடியாது. மக்கள் ஒன்று ஓடிவிடுவார்கள், இல்லையென்றால் மரத்துப் போவார்கள். இவ்வளவு நேரம்தான் உனக்கு என்று வரம்பு கட்டியதால்தான் அந்த ஒன்றரை மணி நேரம் உண்மையாகவே பயமாக இருக்கிறது.

இப்போது நம் கோயிலுக்குள் வாருங்கள். கிரகணத்தன்று திருமலை உட்பட மற்றக் கோயில்கள் பெரும்பாலும் நடை சாத்தும்போது காளஹஸ்தி திறந்திருக்கிறது. ராகு கால நேரத்தில் சர்ப்பதோஷப் பரிகாரத்துக்கு வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் தகட்டில் செய்த இரண்டு நாகங்கள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு, பூ, எலுமிச்சை. கல்யாணம் தள்ளிப்போகிறவர், குழந்தை இல்லாதவர், கோர்ட்டில் வழக்கு இழுக்கிறவர் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். யாரும் ராகுவை அழிக்க வரவில்லை. அழிக்க முடியாது என்று தெரியும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க வந்திருக்கிறார்கள். முடிந்ததும் வேறு கோயிலோ வேறு வீடோ ஏறாமல் நேராக ஊர் திரும்ப வேண்டும் என்பது வழக்கம். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தில் இதே ராகு இரண்டு தேவியரோடு குடும்பஸ்தராக இருக்கிறார். பாலாபிஷேகத்தில் பால் நீலமாவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கிறது. ஒரே தெய்வம், இங்கே வசூல்காரர், அங்கே இல்லறத்தார்.

கற்பனைக் கதைகளில் நான் காணாத இடம் இது. அந்த உலகங்களில் கெட்ட தெய்வத்தோடு எல்லோரும் சண்டை போடுகிறார்கள். அதற்குத் தட்டு வாங்கி வைக்கிறவர் இல்லை, அதன் பெயரில் உளுந்து விற்கிறவர் இல்லை, அதற்கு நேரம் பார்த்துச் சொல்கிறவர் இல்லை. தெய்வத்துக்குப் பத்துக் கை வரைவதை விட, அதை நம்பிப் பிழைக்கும் ஒரு கடைக்காரரை எழுதுவது கதைக்கு அதிகம் உதவும்.

சரி, வேடம் போடுவது தீமை இல்லையென்றால் தீய தெய்வத்தை எப்படி அடையாளம் காண்பது? அதற்கும் இந்தக் கோயிலிலேயே ஒரு கதை இருக்கிறது. வேடர் கண்ணப்பரின் அன்பைப் பூசகர் சிவகோசரியாருக்குக் காட்ட, லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழியவிட்டார் சிவன். அது ஒரு நாடகம்தான். ஆனால் நம்பிய வேடனுக்கு அது நிஜம். ஒரு கண்ணைத் தோண்டி அப்பினார். அடுத்த கண்ணிலும் ரத்தம் வந்ததும், இடம் தெரிவதற்காகக் காலை அங்கே ஊன்றிக்கொண்டு இரண்டாவது கண்ணுக்கு அம்பைக் கொண்டுபோனார். அங்கே ஒரு கை வந்து பிடித்துத் தடுத்தது. கதை முழுவதும் அந்தக் கையில்தான் இருக்கிறது. தடுக்கிற நேரத்தில் தடுக்காமல் வேடிக்கை பார்த்திருந்தால் அதே தெய்வம், அதே நாடகம், வேறு கதை. உங்கள் தெய்வம் கெட்டது என்று பக்கம் பக்கமாக வர்ணிக்க வேண்டாம்; அந்த இடத்தில் கையை நீட்டாமல் விட்டால் போதும்.

எடுக்கும் வேஷத்துக்கும் ஒரு காரணம் வேண்டும். அதற்கும் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருப்பதி. அங்கே மே மாதத்தில் தாத்தய்யகுண்ட கங்கம்மா என்ற அம்மனுக்கு ஜாத்திரை, அதாவது திருவிழா. பெண்களைச் சூறையாடிய ஒரு பாளையக்காரனைக் கொல்லக் கங்கம்மா கிளம்புகிறாள், அவன் ஒளிந்துகொள்கிறான். பைராகி, பண்ட, தோட்டி என்று நாளுக்கொரு வேஷத்தில் ஊரெல்லாம் தேடுகிறாள். பண்ட வேஷத்து நாளில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவதும் வழிபாட்டில் சேர்த்தி. கடைசியில் தொர வேஷம், துரை போல. தனக்குச் சமமான ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று அவன் வெளியே வருகிறான், தலை போகிறது. எந்த உருவம் இவனை வெளியே கொண்டுவரும் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு. எதிராளியின் பலவீனத்துக்கு அளவெடுத்துத் தைத்த வேஷம் அது. பிறகு மாதங்கி வேஷத்தில் போய் அவன் வீட்டுப் பெண்களுக்கு ஆறுதல் சொல்கிறாள் என்கிறார்கள். கொன்றவளே துக்கம் விசாரிக்கிறாள்! இதை அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் ஒரு முழு நூலாக எழுதியிருக்கிறார். நம் கதை எழுத்தாளர்கள் தொட்டதாக நான் அறியவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மேல்நாட்டிலும் நன்றாக எழுதியவர்கள் உருமாற்றத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதை அறிந்தவர்கள்தான். டோல்கீனின் கற்பனை உலகத்துத் தீயவன் சௌரன் ஓநாயாவான், பாம்பாவான், அழகான கொடைவள்ளலாக வந்து ஏமாற்றுவான். நூமெனோர் தீவு கடலில் மூழ்கியபோது அவன் உடலும் அழிந்தது. அதற்குப் பிறகு அழகிய உருவம் எடுக்க அவனால் முடியவே இல்லை. நம் கந்தபுராணத்துச் சூரபன்மன் கடைசியில் மாமரமாகி நின்று, பிளந்து, மயிலும் சேவலுமாகிறான். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரத்தன்று அசுரன் உருவத்தின் யானைமுகத்தைக் கழற்றிவிட்டுச் சிங்கமுகத்தைப் பொருத்துவதை லட்சம் பேர் கண்ணால் பார்க்கிறார்கள். முகம் மாற்றுவதை மறைப்பதே இல்லை. அப்படியும் சிலிர்ப்பு குறைவதில்லை. அடுத்து எந்த முகம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அந்தச் சிலிர்ப்பே.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். அடுத்த கிரகணத்தன்று நம் கோயில் வாசலில் ஒரு குறிப்பேட்டோடு நில்லுங்கள். வந்தவர்களிடம் எதற்காக வந்தீர்கள், எவ்வளவு கடன் பட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். மே மாதம் ஜாத்திரைக்குப் போங்கள். உங்கள் தெய்வத்துக்கு என்ன மனக்குறை, எந்த உருவத்தை அதனால் எடுக்க முடியாது, வாரத்தில் எந்த நேரம் அதனுடையது, அதற்கு யார் கப்பம் கட்டுகிறார்கள் என்பதை எழுதுங்கள். பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.