பாலூ, கிட், அப்புறம் மத்யமா பாஸ் பண்ண மாடி அண்ணா

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)

இன்னிக்கு ஒரு கார்ட்டூன் பத்திப் பேசப் போறேன். 'டேல்ஸ்பின்'. உங்கள்ல பாதி பேர் அது வந்தப்போ பிறந்தே இருக்க மாட்டீங்க. பரவாயில்ல, கேளுங்க.

1990-கள். கார்ட்டூனுக்குன்னு தனி சேனல் எங்க வீட்டுல கிடையாது. தூர்தர்ஷன்தான். ஞாயித்துக்கிழமை டிஸ்னி கார்ட்டூன் வரும். 'டக்டேல்ஸ்' ஒண்ணு, 'டேல்ஸ்பின்' ஒண்ணு. ரெண்டுமே ஹிந்தியில. நாங்க இருந்தது மயிலாப்பூர், சித்திரக்குளம் பக்கம். ஒரே வீட்டுக்குள்ள ஆறு குடித்தனம். டிவி ரெண்டே ரெண்டு. கலர் டிவி எங்க போர்ஷன்ல இருந்ததால, ஞாயித்துக்கிழமை எங்க கூடம் சின்ன சினிமா தியேட்டர் மாதிரி ஆகிடும். எல்லாரும் தரையில உட்கார்ந்திருப்போம். ஒருத்தருக்கும் ஹிந்தி தெரியாது.

கதை என்னன்னா, பாலூன்னு ஒரு கரடி. விமானம் ஓட்டும். சாதாரண விமானம் இல்ல, தண்ணியில இறங்கற மஞ்சக் கலர் விமானம். பேரு 'சீ டக்'. சரக்கு ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போகும். வழியில டான் கார்னேஜுன்னு ஒரு ஆகாயக் கொள்ளைக்காரன் வந்து மடக்குவான். பாலூ தலைகீழாத் திருப்பி, பாறை இடுக்குல நுழைஞ்சு தப்பிச்சுரும்.

எங்களுக்கு முதல் குழப்பமே பாலூதான். ஏன்னா அதே தூர்தர்ஷன்ல ஹிந்தி 'ஜங்கிள் புக்' வந்துக்கிட்டிருந்தது. குல்சார் எழுதின பாட்டோட வருமே, அது. அதுல பாலூ காட்டுல இருக்கு. இங்க தொப்பி போட்டுக்கிட்டு விமானம் ஓட்டுது. அங்க மோக்லியைக் கொல்லத் துடிச்ச ஷேர் கான், இங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு பெரிய கம்பெனி முதலாளி. இது எப்படி? போதாக்குறைக்கு எங்க தெருவுல நிஜமாவே ஒரு பாலு மாமா இருந்தார். தொப்பையும் அதே சைஸ். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினா, "சீ டக் டேக் ஆஃப் ஆகுது"ன்னு கத்துவோம். பாவம், கடைசி வரைக்கும் அவருக்குக் காரணம் தெரியல.

சரி, ஹிந்தி தெரியாம எப்படிப் பார்த்தீங்கன்னு கேப்பீங்க. எங்ககிட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தான். மாடி போர்ஷன் அண்ணா. என்னைவிட மூணு வயசு பெரியவன். மயிலாப்பூர்ல அப்போ நிறைய வீட்டுல சாயங்காலம் பசங்களை ஹிந்தி டியூஷனுக்கு அனுப்புவாங்க. பள்ளிக்கூடத்துல தமிழும் இங்கிலீஷும்தான். ஹிந்தி வேணும்னா தி. நகர் தக்ஷிண பாரத ஹிந்தி பிரச்சார சபா நடத்தற பரீட்சை. 1918-ல காந்தி ஆரம்பிச்சு வெச்ச சபா அது. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, விஷாரத், பிரவீண்னு படிப்படியா ஏறணும். அண்ணா ரெண்டாவது படி தாண்டியிருந்தான். மத்யமா பாஸ். எங்க கூடத்துல அது ஐ.ஏ.எஸ். மாதிரி.

அவன் டிவி பக்கத்துல முக்காலி போட்டு உட்காருவான். ஒவ்வொரு சீன் முடிஞ்சதும் எங்க பக்கம் திரும்பி, என்ன நடந்ததுன்னு சொல்லுவான். நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு கேப்போம்.

அண்ணா சொன்ன கதையில, ரெபேக்கா பாலூவோட பொண்டாட்டி. அதனாலதான் எப்பப் பார்த்தாலும் திட்டிக்கிட்டே இருக்காளாம். மாலி அவங்க பொண்ணு. கிட் இருக்கான் பாருங்க, கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு தொப்பியைத் திருப்பி வெச்சிருப்பானே அந்தச் சின்னக் கரடி, அவன் அவங்க பையன் இல்லையாம். அவனோட அப்பா தூர தேசத்துல விமானம் ஓட்டறாராம். லீவு கிடைக்கலையாம். அதுவரைக்கும் பாலூ வீட்டுல விட்டுட்டுப் போயிருக்காராம். ஒரு நாள் பெரிய விமானத்துல வந்து கூட்டிட்டுப் போவாராம்.

கிட் ஒண்ணு பண்ணுவான். பறக்கற விமானத்துக்குப் பின்னாடி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வளைஞ்ச தகடு மேல நின்னு, மேகத்துல சறுக்கிட்டே போவான். அதைப் பார்த்துட்டு நான் தாம்பாளத்தட்டுல ஏறி நின்னு மாடிப்படியில சறுக்கி, பல்லு ஒண்ணு போச்சு. அது வேற எபிசோடு. ஆனா கிட் ஏன் அப்படிப் பண்றான்னு கேட்டதுக்கு அண்ணா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "அவ்ளோ உசரத்துல இருந்தா அப்பா வர்ற ப்ளைட் முதல்ல கண்ணுல படும் இல்ல?"

ஒவ்வொரு வாரமும் கேப்போம். "அண்ணா, இந்த வாரம் கிட் அப்பா வந்துருவாரா?" "இன்னிக்கு இல்ல. அடுத்த வாரம்னு சொல்றாங்க."

எங்க மொட்டைமாடியில இருந்து பார்த்தா நிஜ விமானம் தெரியும். காத்து ஒரு பக்கமா அடிக்கும்போது, மீனம்பாக்கம் போற விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து, மயிலாப்பூருக்கு மேல தாழ்வா இறங்கிக்கிட்டே போகும். அண்ணா எல்லா விமானத்தையும் பார்த்து "இது மஸ்கட் ப்ளைட்டு"ம்பான். அவனோட அப்பா மஸ்கட்ல வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, நாப்பத்தஞ்சு நாள் லீவுல வருவார். டேங் பவுடர், கோடாலித் தைலம், எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பேனா. இதையும் கிட்டோட அப்பாவையும் நான் அப்போ சேர்த்து யோசிச்சதே இல்ல. ஒன்பது வயசுல யார் யோசிப்பா?

இப்போ 2020-க்கு வாங்க. லாக்டவுன். மார்ச் 25-லேர்ந்து மே 25 வரைக்கும் உள்நாட்டுப் பயணிகள் விமானமே ஓடல. மயிலாப்பூர் வானத்துல அப்படி ஒரு அமைதி. அந்த நேரத்துல சும்மா இருக்க முடியாம 'டேல்ஸ்பின்'ஐ இங்கிலீஷ்ல தேடிப் பிடிச்சு, முதல் எபிசோடுலேர்ந்து பார்த்தேன். மொத்தம் 65. 1990-91-ல வந்தது.

பார்த்தா, அண்ணா சொன்னதுல ஒண்ணு கூட இல்ல!

ரெபேக்கா பொண்டாட்டியே கிடையாது. முதலாளி. பாலூ கடன் கட்டாம விட்டு, விமானம் கைவிட்டுப் போயிடுது. நம்ம பாஷையில சொன்னா இ.எம்.ஐ. கட்டல. ரெபேக்கா அந்தக் கம்பெனியை வாங்கறா. தன்னோட விமானத்தையே திரும்ப வாங்கறதுக்காக பாலூ அவகிட்ட சம்பளத்துக்கு ஓட்டறான். அவ திட்டறது டெலிவரி லேட்டாச்சுன்னு. சின்னப் பொண்ணை வெச்சுக்கிட்டு தனியா ஒரு கம்பெனி நடத்தறா, திட்ட மாட்டாளா? சின்ன வயசுல அவளைப் பிடிக்காது. இப்போ மாசக் கடைசியில என் பேங்க் பேலன்ஸைப் பார்க்கும்போது, அந்தக் கதையில நியாயமாப் பேசற ஒரே ஆள் அவதான்னு தோணுது.

அப்புறம், அந்த உலகம். கதை நடக்கறது 1930-கள் மாதிரியான ஒரு காலத்துல. சின்னக் கம்பெனி, ஒண்ணு ரெண்டு விமானம், சரக்கு, தபால். இதெல்லாம் எங்கயோ வெளிநாட்டுல நடக்கறதுன்னு நினைச்சிருந்தேன். தேடிப் படிச்சா, நம்ம ஊர்லயே இருக்கு. 1932 அக்டோபர் 15, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலேர்ந்து தபால் மூட்டையோட கிளம்பி, அகமதாபாத் வழியா பம்பாய் வரைக்கும் ஓட்டிட்டு வர்றார். அங்கேர்ந்து நெவில் வின்சென்ட்னு இன்னொரு பைலட் பெல்லாரி வழியா மெட்ராஸுக்குக் கொண்டு வர்றார். ரெண்டு குட்டி விமானத்தை வெச்சு ஆரம்பிச்ச அந்தக் கம்பெனிதான் பின்னாடி ஏர் இந்தியா ஆச்சு.

இன்னொண்ணு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, நம்ம செங்குன்றம் ஏரியில, அதாங்க, புழல் ஏரி, பிரிட்டிஷ் விமானப்படையோட கேட்டலினா விமானங்கள் இறங்கி ஏறியிருக்கு. ரெண்டு இன்ஜின், தண்ணியில இறங்கற விமானம். கிட்டத்தட்ட நம்ம சீ டக்தான்! குடிதண்ணி வரலைன்னாதான் நாம புழல் பேரைச் சொல்லுவோம். அங்க இது நடந்திருக்கு.

ஆனா என்னை உட்கார வெச்சது கிட்தான். கிட்டுக்கு அப்பா வரவே மாட்டார். வர்றதுக்கு யாரும் இல்ல. அனாதைப் பையன். கொள்ளைக்காரங்களோட திரிஞ்சு, அவங்ககிட்டேர்ந்து ஓடி வந்து, பாலூகிட்ட ஒட்டிக்கிறான். பாலூவை அவன் எப்படிக் கூப்பிடறான் தெரியுமா? 'பாப்பா பேர்'. தமிழ்ல எழுதினா குழந்தைக்குப் பேர் வெச்ச மாதிரி இருக்கும். அர்த்தம் அப்பாக் கரடி.

அண்ணாவுக்கு போன் பண்ணேன். மே மாசம் ரெண்டாவது வாரம். பேசியே மூணு வருஷம் இருக்கும். அவன் புனேல வேலை. மார்ச்ல ரெண்டு நாளைக்குன்னு அம்மா அப்பாவைப் பார்க்க வந்தவன், மயிலாப்பூர்லயே மாட்டிக்கிட்டான்.

"ஏண்ணா, டேல்ஸ்பின் பூரா பொய்யா சொன்னே?"

சிரிச்சான் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. "டேய், எனக்கும் ஒண்ணும் புரியலடா. மத்யமால கபீர் தோஹா ரெண்டு, பசு மாடு பத்தி ஒரு கட்டுரை, அவ்ளோதான். கரடி படபடன்னு பேசுது. நீங்க எல்லாரும் என் மூஞ்சியவே பார்க்கறீங்க. என்ன பண்றது?"

நானும் சிரிச்சேன். அப்புறம் கேட்டுட்டேன். "கிட்டோட அப்பா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான்.

"அப்பா வேலையை விட்டுட்டு வந்தது 2004. நான் புனே போனது அதே வருஷம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல ஒரே வீட்டுல இருந்ததே கிடையாதுடா. சின்ன வயசுல நான் நாளை எண்ணுவேன். இந்த மார்ச்லேர்ந்து பழக்க தோஷத்துல திரும்ப எண்ணிக்கிட்டிருந்தேன். நாப்பத்தாறாவது நாள் காலையில எழுந்து பார்க்கறேன், அப்பா ஹால்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கறார். ஏதோ லீவு முடிஞ்சும் ஊருக்குப் போகாம இருக்கற மாதிரி இருந்தது. என்ன பேசறதுன்னே தெரியல. காபி போட்டுக் குடுத்தேன்."

"இப்போ எப்படி இருக்கார்?"

"நல்லாதான் இருக்கார். சாயங்காலம் ஆனா மொட்டைமாடிக்குப் போயிடறார். மேல பார்த்துக்கிட்டே, 'ஒண்ணும் வரலையேடா'ங்கறார். நானும் கூடப் போய் நிக்கறேன்."

அதுக்கப்புறம் நாங்க பல்லு விழுந்த கதை, பாலு மாமா ஸ்கூட்டர்னு வேற என்னென்னவோ பேசினோம். மே 25-க்கு அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், அவன்கிட்டேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்தது. மொட்டைமாடி, துணி காயற கொடி, தாழ்வா போற ஒரு விமானம். பின்னாடி ஒரு வயசானவர் குரல், "மஸ்கட் ப்ளைட்டு."

மஸ்கட்லேர்ந்து இல்ல. பெங்களூர்லேர்ந்து வந்திருக்கும். அண்ணா திருத்தல. நானும் திருத்தல.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. புரியாத மொழியில நீங்க பார்த்த படம், கார்ட்டூன் எது? உங்க வீட்டுல யார் உங்களுக்குக் கதை சொன்னாங்க? முடிஞ்சா அதை இப்போ திரும்பப் பாருங்க. எங்கெல்லாம் பொய் சொல்லியிருக்காங்கன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு, அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.